பெயர் வந்தது, வேலை வரவில்லை: நம் கடற்படையின் மைன்ஸ்வீப்பர் கதை

2019 ஏப்ரலில் ஐஎன்எஸ் கோழிக்கோடு என்ற கப்பலுக்கு விடைகொடுத்தார்கள். 1988-ல் சோவியத் யூனியனிலிருந்து வந்த கப்பல், முப்பது வருசம் உழைத்தது. வயதான கப்பலைக் கழித்துக்கட்டுவதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதுதான் இந்தியக் கடற்படையின் கடைசி மைன்ஸ்வீப்பர். அன்றைக்குக் காலியான இடம் இன்னும் காலியாகவே கிடக்கிறது. விமானம் தாங்கிக் கப்பல் இரண்டும் அணு நீர்மூழ்கிகளும் வைத்திருக்கும் ஒரு கடற்படையிடம், துறைமுக வாசலில் யாராவது கண்ணிவெடி போட்டால் அதை எடுப்பதற்கென்று கட்டிய கப்பல் ஒன்றுகூட இல்லை.

தேவதானப்பட்டியில் உட்கார்ந்துகொண்டு கடற்படையைப் பற்றி உனக்கென்னப்பா கவலை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்களுக்கு ஒரு பக்கம் கொடைக்கானல் மலை, இன்னொரு பக்கம் வைகை அணை. கடல் பார்க்க வேண்டுமென்றால் பஸ்ஸில் பல மணி நேரம் போக வேண்டும். ஆனால் போடியில் ஏலம் போகிற ஏலக்காய் வெளிநாடு போக வேண்டுமென்றால் கப்பல் ஏறியாக வேண்டும். எங்கள் வீட்டு அடுப்புக்கு வருகிற சிலிண்டர் எரிவாயுவில் பாதிக்கு மேல் இந்த நாட்டில் கிடைப்பதில்லை. வளைகுடாவிலிருந்து கப்பலில் வருகிறது. இந்தியாவின் வெளிநாட்டு வணிகத்தை எடையால் அளந்தால் 90 சதவீதத்துக்கு மேல் கடல் வழிதான். ஆக, துறைமுகத்தின் வாய் அடைபட்டால் அதன் வலி மலையடிவாரம் வரைக்கும் வரும்.

கண்ணி எப்படி வேலை செய்கிறது

செய்தித்தாள்களில் 'கண்ணிவெடி அகற்றும் கப்பல்' என்று எழுதுகிறார்கள். இலங்கைத் தமிழில் 'கண்ணிவாரி' என்ற அழகான சொல் உண்டு. வாருவது என்ற வினை அதில் இருப்பதால் எனக்கு அது பிடிக்கும். இந்தக் கட்டுரையில் இரண்டையும் கலந்தே எழுதுகிறேன்.

பழைய வகைக் கடல் கண்ணி ஒரு இரும்புக் குண்டு. சங்கிலியால் கடலடியில் கட்டி, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மிதக்க விடுவார்கள். மேலே கொம்பு கொம்பாக நீட்டிக்கொண்டிருக்கும். கப்பல் மோதிக் கொம்பு நசுங்கினால் உள்ளிருக்கும் கண்ணாடிக் குப்பி உடையும், அமிலம் வழியும், மின்சாரம் பிறக்கும், வெடிக்கும். இதை எடுப்பது ஒப்பீட்டளவில் சுலபம். கண்ணிவாரி நீளமான கம்பிவடத்தை இழுத்துக்கொண்டு போகும். வடத்தில் உள்ள வெட்டுக் கத்தி சங்கிலியை அறுக்கும். மேலே மிதந்து வரும் குண்டைச் சுட்டு வெடிக்க வைப்பார்கள்.

அடுத்த தலைமுறைக் கண்ணி கடலடியில் சும்மா படுத்துக் கிடக்கும். மேலே போகிற கப்பலின் காந்தப்புலம், எந்திரச் சத்தம், நீரழுத்த மாற்றம் இவற்றில் ஒன்றையோ எல்லாவற்றையுமோ கவனித்துத் தன் நேரம் வந்ததும் வெடிக்கும். முதல் சில கப்பல்களைப் போக விட்டு அதற்கடுத்த கப்பலுக்கு வெடிக்கும்படி எண்ணிக்கை வைக்கவும் முடியும். ஒரு தடவை வாரிவிட்டேன், வழி சுத்தம் என்று யாரும் சொல்ல முடியாது.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, கப்பலைப் போலவே காந்தப்புலமும் சத்தமும் உண்டாக்கும் கருவியைப் பின்னால் இழுத்துப் போய்க் கண்ணியை ஏமாற்றி வெடிக்க வைப்பது. இன்னொன்று, சோனாரால் கடலடியை அங்குலம் அங்குலமாகப் பார்த்து, சந்தேகப்படும் பொருள் ஒவ்வொன்றின் பக்கத்திலும் முக்குளிப்பவரையோ சிறு எந்திரத்தையோ அனுப்பி அழிப்பது. இந்த இரண்டாவது வேலைக்குப் போகும் கப்பலைத்தான் 'மைன்ஹன்டர்' என்கிறார்கள். கண்ணிக்கு மேலேயே போக வேண்டிய கப்பல் என்பதால் அதன் உடம்பை மரத்திலோ கண்ணாடியிழையிலோ காந்தம் குறைந்த எஃகிலோ கட்டுவார்கள். சாதாரணப் போர்க்கப்பலை அந்த வேலைக்கு அனுப்ப முடியாது என்பதற்கு இதுதான் காரணம்.

வரவும் செலவும்

சுதந்திரத்துக்குப் பிறகு 1950-களில் பிரிட்டனிடமிருந்து வாங்கிய கண்ணிவாரிகளோடு நம் கதை தொடங்குகிறது. கார்வார், காக்கிநாடா, கண்ணனூர், கடலூர் என்று நாலு கடலோரக் கப்பல்கள். துறைமுகங்களைக் காக்கிற கப்பலுக்குத் துறைமுகத்தின் பெயரையே வைப்பது என்ற வழக்கம் அப்போதே வந்துவிட்டது. பிறகு 1978-லிருந்து 1988 வரை சோவியத் யூனியனிலிருந்து பன்னிரண்டு பெரிய மைன்ஸ்வீப்பர்கள் வந்தன: பாண்டிச்சேரி, போர்பந்தர், பேடி, பாவ்நகர், ஆலப்பி, ரத்னகிரி, அடுத்த தொகுதியில் கார்வார், கண்ணனூர், கடலூர், காக்கிநாடா, கோழிக்கோடு, கொங்கண். நடுவில் 1983-84-ல் கரையோர வேலைக்கென்று கண்ணாடியிழை உடம்புள்ள ஆறு சின்னக் கப்பல்கள்: மால்வன், மங்ரோல், மாஹே, மால்பே, முல்கி, மக்தலா. 80-களின் கடைசியில் நம் நிலைமை மோசமில்லை.

அதற்கப்புறம் ஒன்றுகூட வரவில்லை. இருந்தவற்றுக்கு வயது ஏறிக்கொண்டே போனது.

2008 வாக்கில் எட்டுப் புதிய கப்பல்களுக்கு டெண்டர் விட்டார்கள். தென்கொரியாவின் கங்நம் நிறுவனம் முன்னுக்கு வந்தது. இரண்டை அங்கே கட்டி, ஆறைக் கோவாவில் கட்டுவது என்று திட்டம். இடைத்தரகர் புகார் எழுந்து 2014-ல் அந்த டெண்டர் ரத்தானது. 2015-ல் வேலை நேரடியாகக் கோவா ஷிப்யார்டுக்கு ஒதுக்கப்பட்டது. பன்னிரண்டு கப்பல், சுமார் 32,000 கோடி ரூபாய் என்று பேச்சு. தொழில்நுட்பம் தரப்போவது மறுபடியும் அதே கொரிய நிறுவனம். விலையிலும் தொழில்நுட்பம் கைமாற்றுவதிலும் ஒத்துவராமல் 2018 தொடக்கத்தில் அதுவும் ரத்து. இந்தப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கும்போதே, 2017 மே மாதம் கார்வாரும் காக்கிநாடாவும் ஓய்வுபெற்றன. 2018-ல் கடலூர். 2019-ல் கோழிக்கோடு.

2025 ஜூலை 3-ம் தேதி பாதுகாப்புக் கொள்முதல் கவுன்சில் கண்ணி எதிர்ப்புக் கப்பல்களுக்குத் 'தேவை ஏற்பு' கொடுத்தது. பன்னிரண்டு கப்பல், சுமார் 44,000 கோடி என்று பத்திரிகைகள் எழுதின. பலர் இதைக் கப்பலே வந்துவிட்ட மாதிரிக் கொண்டாடினார்கள். தேவை ஏற்பு என்றால், ஆமாம் இது வேண்டும்தான் என்று அரசாங்கம் ஒத்துக்கொண்டது, அவ்வளவுதான். இதற்கப்புறம் டெண்டர், விலைப்புள்ளி, பேரம், ஒப்பந்தம், கட்டுமானம், சோதனை எல்லாம் இருக்கிறது. எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் முதல் கப்பல் கடலில் இறங்க வருசக்கணக்கில் ஆகும். 2008-லிருந்து எண்ணினால் இருபது வருசத்தைத் தாண்டிவிடுவோம்.

'இனி கப்பலே வேண்டாம், ட்ரோன் போதும்'

இந்தத் தாமதத்துக்கு ஒரு நவீன சமாதானம் கிடைத்திருக்கிறது. உலகமே ஆளில்லா எந்திரங்களுக்கு மாறிவிட்டது, பழைய பாணி மைன்ஸ்வீப்பர் வாங்காமல் விட்டது ஒருவகையில் நல்லதுதான் என்கிறார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கிறது. பாதி உண்மையும் கூட. பிரிட்டன் தன் கண்ணிவேட்டைக் கப்பல்களைப் படிப்படியாகக் கழித்துவிட்டு ஆளில்லாப் படகுகளை நம்புகிறது. அமெரிக்கா பஹ்ரைனில் வைத்திருந்த மர உடம்பு அவெஞ்சர் வகைக் கப்பல்களை 2025 செப்டம்பரில் ஓய்வுக்கு அனுப்பியது. நம் டிஆர்டிஓவும் அதே ஆண்டு நவம்பரில், ஒரு சில ஆட்களே தூக்கிச் செல்லக்கூடிய கண்ணிதேடும் நீரடி எந்திரத்தை அறிவித்தது. விசாகப்பட்டினத்தில் உள்ள ஆய்வகத்தின் வேலை அது, நல்ல வேலை.

ஆனால் அவர்கள் செய்த வரிசையைப் பார்க்க வேண்டும். பழைய கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போதே ட்ரோனைச் சோதித்தார்கள். கப்பலில் இருந்த மாலுமிகளே ட்ரோனை இயக்கக் கற்றார்கள். பெல்ஜியமும் நெதர்லாந்தும் ட்ரோன்களைச் சுமந்து செல்வதற்கென்றே பன்னிரண்டு புதுத் தாய்க்கப்பல்களைக் கட்டுகின்றன. சிங்கப்பூர் 1995-லிருந்து வைத்திருக்கும் நான்கு பெடோக் வகைக் கப்பல்களைப் புதுப்பித்துக்கொண்டே ஆளில்லாப் படகுகளையும் சேர்த்தது. நாம் முதலில் கப்பலைக் கழித்தோம். ட்ரோன் பிறகு வரும் என்கிறோம். இதை 'மாற்றம்' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பழைய வீட்டை இடித்துவிட்டுப் புது வீட்டுக்கு பிளான் போடுகிற கதை. குடித்தனம் தெருவில் நிற்கிறது.

பெரிய இழப்பு கப்பல் அல்ல, ஆள். சோனார் திரையில் தெரியும் ஒரு நிழல் பாறையா, பழைய நங்கூரமா, கண்ணியா என்று சொல்வது வருசக்கணக்கில் வரும் கைப்பழக்கம். 2019-க்குப் பிறகு கடற்படையில் சேர்ந்த ஒருவர், கண்ணிவாரிக் கப்பலில் ஒருநாள்கூட வேலை பார்க்காமல் இப்போது ஆறேழு வருச அனுபவம் உள்ளவராக இருப்பார். கோழிக்கோடு கப்பலில் தொழில் கற்றவர்களோ ஓய்வை நோக்கிப் போகிறார்கள். புதுக் கப்பல் வரும்போது கற்றுக்கொடுக்க யார் இருப்பார்கள்?

'நம்ம கடலில் யார் கண்ணி போடப் போகிறார்கள்?'

இரண்டாவது சமாதானம் இது. சரித்திரம் இதற்குப் பதில் வைத்திருக்கிறது. 1914-ல் சென்னையைச் சுட்ட எம்டனை நமக்கெல்லாம் தெரியும். அது பேச்சு வழக்கிலேயே ஏறிவிட்டது. 1917-ல் வந்த 'வுல்ஃப்' என்ற ஜெர்மன் கப்பலை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. அது சத்தமில்லாமல் கொழும்புக்கும் பம்பாய்க்கும் வெளியே கண்ணிகளைப் போட்டுவிட்டுப் போய்விட்டது. பிப்ரவரியில் கொழும்பு அருகே இரண்டு கப்பல்கள், ஜூனில் பம்பாய் அருகே 'மங்கோலியா' என்ற பயணிகள் கப்பல் என்று அடுத்தடுத்து மூழ்கின. அடித்தது யார் என்று பார்க்கக்கூட அங்கே ஆளில்லை. கண்ணியின் பலமே அதுதான்.

1971-ல் விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கிய பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி கண்ணிகளோடு வந்தது. நம் கப்பல் போட்ட வெடியால் மூழ்கியது என்று நாமும், தன் கண்ணியிலேயே மாட்டிக்கொண்டது என்று அவர்களும் சொல்கிறோம். எப்படி என்றாலும் விசாகப்பட்டினத்து வாசலில் கண்ணி போடுவது எதிரியின் திட்டத்தில் இருந்தது என்பதில் சண்டை இல்லை. அந்தப் போருக்குப் பிறகு சிட்டகாங் துறைமுகத்தைச் சுத்தம் செய்ய சோவியத் கடற்படை வந்து நீண்ட காலம் வேலை பார்க்க வேண்டியிருந்தது. பாகிஸ்தான் 90-களிலிருந்து மூன்று பிரெஞ்சு வகைக் கண்ணிவேட்டைக் கப்பல்களை வைத்திருக்கிறது. அவர்களுக்கு இந்தக் கணக்கு புரிந்திருக்கிறது.

செலவுக் கணக்கையும் பார்ப்போம். 1988 ஏப்ரலில் பாரசீக வளைகுடாவில் 'சாமுவேல் பி. ராபர்ட்ஸ்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் ஈரானியக் கண்ணியில் மோதியது. அந்தக் கண்ணியின் வடிவமைப்பு 1908-ம் ஆண்டைச் சேர்ந்தது. விலை ஆயிரத்துச் சொச்சம் டாலர். கப்பலைப் பழுதுபார்த்த செலவு சுமார் 9 கோடி டாலர். அதற்கு முந்தைய வருசம் இன்னும் வேடிக்கை. எண்ணெய்க் கப்பல்களுக்குப் பாதுகாப்பாகப் போன அமெரிக்கப் போர்க்கப்பல்கள், 'பிரிட்ஜ்டன்' என்ற டேங்கர் கண்ணியில் அடிபட்டதும் அந்த டேங்கருக்குப் பின்னால் வரிசையாக ஒதுங்கி வந்தன. டேங்கரின் பெரிய உடம்பு அடியைத் தாங்கும், போர்க்கப்பல் தாங்காது. காவலுக்கு வந்தவர், காவல் காக்கப்பட வேண்டியவரின் முதுகுக்குப் பின்னால் போனார்.

'தேவைப்பட்டால் நட்பு நாடுகளிடம் கேட்டு வாங்கிக்கலாம்' என்பவர்கள் கருங்கடலைப் பார்க்கலாம். பிரிட்டன் உக்ரைனுக்கு இரண்டு கண்ணிவேட்டைக் கப்பல்களைக் கொடுத்தது. மான்ட்ரோ உடன்படிக்கைப்படி போர் நடக்கும்போது உள்ளே விட முடியாது என்று 2024 ஜனவரியில் துருக்கி சொல்லிவிட்டது. கடைசியில் கரையோர நாடுகளான துருக்கி, ருமேனியா, பல்கேரியா மூன்றும் சேர்ந்துதான் தங்கள் பக்கத்துக் கண்ணிகளைத் தேட ஒப்பந்தம் போட்டன. அவசரத்தில் இரவல் கிடைக்காத சாமான் இது.

எங்களுக்குப் பக்கத்துத் துறைமுகமான கொச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கடற்படையின் தெற்கு மண்டலத் தலைமையகம், கப்பல் கட்டும் தளம், வல்லார்பாடம் கன்டெய்னர் முனையம், புதுவைப்பு எல்என்ஜி முனையம் எல்லாவற்றுக்கும் கடலுக்குப் போக ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒரே வாய்தான். அங்கே கண்ணி இருக்கிறது என்ற சந்தேகம் வந்தாலே போதும், கப்பல் காப்பீட்டுக்காரர் கட்டணத்தை ஏற்றிவிடுவார், கேப்டன்கள் வெளியிலேயே நின்றுவிடுவார்கள். இல்லை என்று நிரூபிக்கத்தான் கண்ணிவாரி வேண்டும்.

பெயர் மட்டும் திரும்பி வந்தது

இந்தக் கதையில் என்னை ரொம்ப உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். ஆழமில்லாத கடலில் நீர்மூழ்கிகளைத் தேட பதினாறு புதுக் கப்பல்கள் கட்டுகிறார்கள். எட்டு கொல்கத்தாவின் ஜிஆர்எஸ்இ பொறுப்பு; அதில் 2025 ஜூனில் சேர்ந்த 'அர்னாலா' நம் காட்டுப்பள்ளியில் உருவானது. இன்னொரு எட்டு கொச்சி ஷிப்யார்டு கட்டுவது. முதலாவதான 'மாஹே' 2025 நவம்பர் 24-ம் தேதி மும்பையில் சேர்ந்தது. நல்ல கப்பல்கள், தேவையான கப்பல்கள். மாஹே, மால்வன், மங்ரோல், மால்பே என்று பெயர் வைத்து, பழைய மைன்ஸ்வீப்பர்களின் பாரம்பரியத்தை இவை தொடரும் என்று அரசுக் குறிப்பு சொன்னது.

தொடர்வது பெயர் மட்டும்தான். இந்தக் கப்பல்களால் கண்ணி போட முடியும், வார முடியாது. 2025 மே மாதம் டிஆர்டிஓவும் கடற்படையும் சேர்ந்து, பல வகைத் தூண்டலுக்கு வெடிக்கும் புதுக் கடலடிக் கண்ணியைச் சோதித்து வெற்றி கண்டன. ஆகக் கண்ணி செய்யத் தெரிகிறது, போடத் தெரிகிறது. எடுப்பதற்குத்தான் கப்பல் இல்லை. ஆலப்புழைக் கடற்கரையில் பழைய 'டி-81' அதிவேக ரோந்துப் படகை 2021-ல் காட்சிக்கு வைத்தார்கள். பிள்ளைகள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ஊரின் பெயரையே சுமந்து உழைத்த ஆலப்பி மைன்ஸ்வீப்பரை நினைவு வைத்திருப்பவர்கள் அங்கே எத்தனை பேர் இருப்பார்கள்?

இதற்குக் காரணம் ஊழலோ அலட்சியமோ மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. எங்கள் மாவட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு வழக்கம் இதில் இருக்கிறது. புது அணைக்கு, புது மதகுக்குக் கல்வெட்டு உண்டு, திறப்பு விழா உண்டு, மந்திரி வருவார். கண்மாயைத் தூர்வாரினதற்குக் கல்வெட்டு வைக்க மாட்டார்கள். ஆனால் தூர் வாராத கண்மாயில் எவ்வளவு மழை பெய்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. கண்ணிவாரி கடலில் தூர்வாருகிற கப்பல். ஏவுகணை கிடையாது, அணிவகுப்பில் எடுப்பாகத் தெரியாது, வேகம் குறைவு. அதன் வெற்றி என்பது எதுவுமே நடக்காமல் கப்பல்கள் வந்துபோவது. பட்ஜெட்டில் இடம் கேட்டு நிற்கும் வரிசையில் அது எப்போதும் கடைசி ஆள். இது நம் நாட்டு வியாதி மட்டும் இல்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்காவும் தன் மைன்ஸ்வீப்பர்களைப் பெருமளவு கழித்தது. 1950 அக்டோபரில் கொரியாவின் வொன்சான் துறைமுகத்தில் சுமார் 3,000 கண்ணிகள் வழிமறித்தபோது, இரண்டு மைன்ஸ்வீப்பர்கள் மூழ்கின. உலகின் பெரிய கடற்படை படைகளை இறக்க முடியாமல் கடலில் காத்துக் கிடந்தது.

என்ன செய்யலாம்

பன்னிரண்டு கப்பல் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அது வருகிறவரைக்கும் சும்மா இருக்கக் கூடாது என்பதுதான் என் வாதம். மூன்று வேலை கப்பல் இல்லாமலே செய்யலாம்.

முதலாவது, கடலடி வரைபடம். கண்ணிவேட்டையில் பாதி வேலை சமாதான காலத்திலேயே முடிந்துவிட வேண்டும். கொச்சி, தூத்துக்குடி, சென்னை, எண்ணூர், விசாகப்பட்டினம் போன்ற துறைமுகக் கால்வாய்களின் அடியில் என்னென்ன கிடக்கிறது என்று நுணுக்கமாகப் படமெடுத்து, அடிக்கடி புதுப்பித்து வைத்தால், புதிதாக வந்த பொருள் எது என்று சில மணி நேரத்தில் சொல்லலாம். இப்போது நம்மிடம் இருக்கும் சிறிய நீரடி எந்திரங்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

இரண்டாவது, சாதாரணப் படகுகளில் ஏற்றிக் கழற்றக்கூடிய சோனார், வாரும் கருவித் தொகுதிகள். ஓய்வுபெறும் ரோந்துப் படகுகளை எல்லாம் கடற்கரைக் காட்சிப்பொருளாக்காமல், நல்ல நிலையில் உள்ளவற்றை ட்ரோன் சுமக்கும் படகாக்கிப் பார்க்கலாம். கண்ணி வயலுக்கு வெளியில் நின்று எந்திரத்தை மட்டும் உள்ளே அனுப்புகிற படகுக்கு மர உடம்பு வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இது முழுத் தீர்வு ஆகாது. கையில் ஒன்றுமே இல்லாததற்குப் பரவாயில்லை.

மூன்றாவது, ஆட்கள். ஐஎன்எஸ் கோழிக்கோடு, கண்ணனூர், கடலூர் கப்பல்களில் வேலை பார்த்தவர்களை, ஓய்வுபெற்றவர்கள் உட்பட, கூப்பிட்டுப் பயிற்சிக் குழு அமைக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு கப்பலின் விலையில் தூசி. காலம் மட்டும் இல்லை. இன்னும் பத்து வருசம் போனால் அவர்களைக் கூப்பிட முடியாது.

அடுத்த தடவை 'கண்ணிவாரிக் கப்பலுக்கு ஒப்புதல்' என்று ஒரு செய்தி வந்தால், வாசகர்கள் ஒரே ஒரு விஷயத்தைத் தேடிப் பாருங்கள்: ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டதா? அந்தத் தேதி செய்தியில் இல்லையென்றால், துறைமுக வாசலில் இன்னும் ஆளில்லை என்றுதான் அர்த்தம்.